சூதாட்டப் பாதிப்பைக் குறைக்கப் பல துறையினர் கைகோப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையிலோ, கடன் ஆலோசனை மையத்திலோ, வங்கிக் கிளையிலோ, வழக்கறிஞர் அறையிலோ எதிரில் உட்கார்ந்திருப்பவரின் சிக்கலுக்குப் பின்னால் சூதாட்டம் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கான பக்கம் இது. உங்கள் துறையின் வேலை உங்களுக்குத் தெரியும். அடுத்த துறைக்காரரோடு அதை எப்படி இணைப்பது என்பதைத்தான் இங்கே பேசுகிறோம்.

நல்ல மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினால் போதாதா?

போதாது. சூதாட்டம் ஒரே மனிதரின் வாழ்க்கையைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறது. மருத்துவரிடம் வருவது தூக்கமின்மை. வங்கிக்குத் தெரிவது நள்ளிரவுப் பரிமாற்றங்கள். கடன் ஆலோசகர் பார்ப்பது கடனை அடைக்க வாங்கிய கடன். வழக்கறிஞரிடம் வருவது அலுவலகப் பணத்தைக் கையாடிய வழக்கு. பள்ளி ஆசிரியருக்குத் தெரிவது கட்டணம் கட்டப்படாத பிள்ளை.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்வதே இன்னொரு பக்கம் தீங்காகிவிடும். கடன் ஆலோசகர் மாதத் தவணையைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிறார். அவர் அளவில் அது நல்ல வேலை. ஆனால் சூதாட்டக் கணக்குகள் முடக்கப்படாமல் இருந்தால், மிஞ்சிய பணம் அன்றிரவே அங்கே போய்விடும். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதித் தருகிறார். அந்த மனிதர் தற்கொலை எண்ணத்தோடு இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. ஆக, வீட்டில் ஆபத்தான அளவில் மாத்திரை சேர்கிறது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிந்தே ஆக வேண்டிய துறை இது.

பாதிப்பு என்று எதைச் சொல்கிறோம்? அடிமையானவர்களை மட்டுமா?

இல்லை. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-3 சூதாட்ட அடிமைத்தனத்தை ஒரு நோயாகச் சேர்த்தது. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 அதை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. அதன்படி 9 அறிகுறிகளில் 4 அல்லது அதற்கு மேல் 12 மாதங்களுக்குள் இருந்தால் நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இலும் இது இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் 2 அறிகுறி மட்டும் இருப்பவரின் வீட்டிலும் வாடகை பாக்கி இருக்கலாம். ஒரு முறைகூடப் பந்தயம் கட்டாத மனைவியின் பெயரில் கடன் இருக்கலாம். நோய் என்ற முத்திரை விழும்வரை காத்திருந்தால், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகுதான் கை நீட்டுவோம்.

எப்படிக் கேட்பது? கேட்டால் கோபப்படுவார்களே?

"சூதாடுவீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே வரும். தான் ஆடுவது சூதாட்டம் என்றே பலர் நினைப்பதில்லை. அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள்: போட்டிகள் மேல் பந்தயம், லாட்டரி, பணம் வைத்துச் சீட்டாட்டம், கைப்பேசியில் காசு கட்டி ஆடும் விளையாட்டு. மது, புகை பற்றி எல்லோரிடமும் கேட்பதைப் போல, அதே மூச்சில் இதையும் கேளுங்கள். "உங்களைப் பார்த்துக் கேட்கவில்லை, எல்லோரிடமும் கேட்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் பாதிக் கூச்சத்தைப் போக்கிவிடும்.

இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை 1990-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மேலும் மேலும் அதிகமான பணத்தை வைத்து ஆட வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை நெருங்கியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல வேண்டி வந்ததா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மேலே விசாரிக்க வேண்டும். 30 விநாடி வேலை. கவுன்ட்டரில் இருக்கும் மருந்தாளர்கூடக் கேட்கலாம்.

அடுத்த கட்டத்துக்கு பிஜிஎஸ்ஐ என்ற 9 கேள்விப் பட்டியல் உண்டு. கடந்த 12 மாதங்களைப் பற்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 1–2 குறைந்த ஆபத்து, 3–7 நடுத்தரம், 8 அல்லது அதற்கு மேல் கடுமையான சிக்கல். கூட்டாகப் பணியாற்றும் எல்லா அலுவலகங்களும் ஒரே பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் வேறொன்றையும் பயன்படுத்தினால், ஆறு மாதம் கழித்து நிலை தேறியதா மோசமானதா என்று ஒப்பிட முடியாமல் போகும்.

வங்கிக் கணக்கு அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

அவருடைய சம்மதத்தோடு கடந்த 90 நாள் அறிக்கையை அச்சிட்டு மேசையில் வையுங்கள். மூன்று நிறப் பேனா போதும். சூதாட்டத் தளங்களுக்கும் பணப்பைச் செயலிகளுக்கும் போனது சிவப்பு. கடனாக உள்ளே வந்தது நீலம். திரும்பி வந்த வெற்றிப் பணம் பச்சை. அடையாளம் போடும் வேலையை அவரே செய்யட்டும்.

அரை மணி நேரத்தில் ஒரு சித்திரம் வரும். சம்பளம் விழுந்த நாளில் சிவப்பு அடர்த்தியாக இருக்கும். இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் 200, 200, 500, 1000, 2000 என்று சில நிமிட இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும் தொகைகள், விட்டதைப் பிடிக்க ஆடியதன் அடையாளம். நீலக் கோடு விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு விழுந்தால், ஆடுவதற்காகவே கடன் வாங்கியிருக்கிறார். பச்சைக்கு அடுத்த வரி திரும்பவும் சிவப்பாக இருந்தால், ஜெயித்த பணம் வீட்டுக்கு வரவே இல்லை. "மொத்தத்தில் கிட்டத்தட்ட சரிசமம்தான்" என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தவர், தன் கையால் போட்ட கோடுகளைப் பார்த்துத்தான் கணக்கை முதன்முறையாக உணர்வார்.

அந்த உணர்வு தாங்க முடியாததாக இருக்கலாம். எனவே இதை வெள்ளிக்கிழமை மாலையில், வேறு யாரும் இல்லாத அலுவலகத்தில் செய்யாதீர்கள். மனநலப் பணியாளர் அதே நாளில் பேசக் கிடைக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

"100 போட்டால் 96 திரும்பி வரும் என்று சூதாட்ட இயந்திரத்திலேயே எழுதியிருக்கிறது" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இந்தக் கணக்கை எல்லாத் துறையினரும் ஒரே மாதிரி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 96 சதவீதம் என்பது ஒவ்வொரு சுற்றிலும் போடும் பணத்துக்கான நீண்ட காலச் சராசரி. கையில் கொண்டுபோன பணத்துக்கானது அல்ல. சுற்றுக்கு 10, ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 720 சுற்று, மொத்தப் பந்தயம் 7,200. அதில் 4 சதவீதம் 288. கையில் 300 கொண்டுபோனவர், சராசரியாக ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழப்பார். வேகம் கூடக்கூட இழப்பும் கூடும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது போன்ற சுற்றுகளும் உண்டு. மூன்று படங்களில் இரண்டு ஒத்து, மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும். அதுவும் முழுத் தோல்விதான். ஆனால் மூளை அதை "அடுத்தது நமக்குத்தான்" என்று எடுத்துக்கொள்கிறது. இதைப் புரியவைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் கணக்குத் தெரிந்தவுடன் ஆசை போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தற்கொலை பற்றி யார் கேட்க வேண்டும்?

எல்லோரும். கடன் ஆலோசகரும் வழக்கறிஞரும்கூட.

கேட்பதால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. "உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது கைவசம் இருக்கிறதா, எப்போது என்று தீர்மானித்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். திட்டமும் வழியும் கைவசம் இருந்தால் அவரைத் தனியே அனுப்பக் கூடாது. உடன் ஒருவர் இருக்க, அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான்.

ஆபத்து கூடும் தருணங்களை எல்லா அலுவலகத்துச் சுவரிலும் எழுதி வைக்கலாம்: பெரிய இழப்பு நடந்த இரவு, கடன் விஷயம் வீட்டுக்குத் தெரிந்த நாள், வேலை போன வாரம், நீதிமன்றத் தேதிக்கு முந்தைய நாட்கள். இவற்றில் பாதியை மருத்துவருக்கு முன்பே வழக்கறிஞரும் கடன் ஆலோசகரும் அறிவார்கள். அவர்களிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் உயிர் பிழைக்கும். கூட்டுப் பணி வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மருந்தாளருக்கு இதில் என்ன வேலை?

பார்க்கின்சன் நோய்க்கும் கால் பதற்ற நோய்க்கும் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் கட்டுக்கடங்காத சூதாட்ட உந்துதலைக் கிளப்பிவிடும். மனநோய்க்குத் தரப்படும் அரிபிப்ரசோல் பற்றியும் 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே எச்சரிக்கையை வெளியிட்டது. வாழ்நாளில் பந்தயமே கட்டாத 60 வயதுக்காரர் திடீரென்று ஆடத் தொடங்கினால், குணம் மாறிவிட்டது என்று குடும்பம் வருந்தும். மருந்துச் சீட்டைப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த மருந்துகளை முதன்முறை கொடுக்கும்போது நோயாளியிடமும், அவர் சம்மதித்தால் வீட்டாரிடமும் இந்த எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். உந்துதல் தெரிந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். நோயாளி தானாக மருந்தை நிறுத்தக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் கடும் விலகல் தொல்லைகள் வரலாம், அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பண விஷயத்தில் எதை முதலில் செய்வது?

ஓட்டையை அடைப்பது முதலில், தண்ணீர் ஊற்றுவது பிறகு. வரிசை மாறினால் எல்லாம் கெடும்.

முதல் இரண்டு நாளில் தடைகள் (அடுத்த கேள்வியில் விளக்கம்). அதற்குப் பிறகு பட்டியல்: யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எதை அடகு வைத்தது, யார் பெயரில், யார் மிரட்டுகிறார்கள். முதல் நாளில் சொல்லும் தொகை அநேகமாக முழுத் தொகையாக இருக்காது. வெட்கத்தால் ஒன்றிரண்டை மறைப்பார்கள். "விட்டுப்போனது எதுவும் இருந்தால் அடுத்த வாரம் சேர்க்கலாம், கோபப்பட மாட்டோம்" என்று சொல்லி வையுங்கள். பிறகு வாடகை, மின்சாரம், உணவு, பிள்ளைகள் செலவு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் கடன்காரர்களுக்குத் தவணை.

குடும்பம் சொத்தை விற்று எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைக்க நினைக்கும். அந்த அன்பு புரிகிறது. ஆனால் தடைகள் இல்லாமல் அப்படிச் செய்தால், அவருக்கு மறுபடி கடன் வாங்கும் தகுதி வந்துவிடும், ஆடுவதற்கு மறுபடி வழி திறக்கும். பண நெருக்கடியிலிருந்து மீள மற்றவர்களை நம்பியிருப்பது டிஎஸ்எம்-5 அறிகுறிகளில் ஒன்று என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். எல்லாக் கடனையும் ஒன்றாக்கும் பெரிய கடனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தடைகள் என்றால் என்ன? ஏன் அவை அடிக்கடி தோற்கின்றன?

மூன்று அடுக்கு. ஒன்று, சுயவிலக்கு: "என்னை ஆட விடாதே" என்று அவரே பதிவு செய்வது. பிரிட்டனில் கேம்ஸ்டாப் திட்டத்தில் ஒரு முறை பதிந்தால், அங்கே உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்டத் தளங்களும் அவரை மறுக்க வேண்டும். 6 மாதம், 1 ஆண்டு, 5 ஆண்டு என்று காலம் தேர்ந்தெடுக்கலாம். ஸ்வீடனில் 2019 முதல் ஸ்பெல்பவுஸ் என்ற தேசியப் பதிவேடு இருக்கிறது. இரண்டு, வங்கித் தடை: அட்டைப் பரிமாற்றங்களில் சூதாட்டத்துக்கு 7995 என்ற வணிகக் குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டைக் கொண்டு வங்கி மறுத்துவிடும். மூன்று, கைப்பேசியிலும் கணினியிலும் தளங்களைத் திறக்கவிடாத மென்பொருள்.

ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. சுயவிலக்கு உரிமமில்லாத வெளிநாட்டுத் தளங்களைத் தொடாது. பணப்பைச் செயலி, தனிநபர் கணக்கு, கிரிப்டோ வழியாகப் போனால் வங்கியின் குறியீடு பிடிக்காது. மென்பொருள் ஒரு சாதனத்தில் இருந்தால், மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசி தடையில்லாமல் இருக்கும். அதனால்தான் மூன்றையும் ஒரே அமர்வில், பக்கத்தில் உட்கார்ந்து செய்து முடிக்க வேண்டும். "வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்" என்றால் நடக்காது. 45 நிமிடம் ஒதுக்குங்கள். அவருடைய எல்லா மின்னஞ்சல், எல்லாத் தொலைபேசி எண், எல்லா அட்டையும் பட்டியலில் வர வேண்டும். தடையை நீக்கக் காத்திருப்பு நேரம் கேட்கும் வங்கியாக இருந்தால் நல்லது. ஆடும் வெறி எழும்பி அடங்க அந்த நேரம் உதவும்.

பரிந்துரைக் கடிதம் கொடுத்தும் ஆள் போய்ச் சேரவில்லையே?

கடிதம் கொடுப்பது வழிகாட்டுதல், அவ்வளவுதான். ஒப்படைப்பு வேறு. அவர் உங்கள் முன்னால் இருக்கும்போதே அடுத்தவரைத் தொலைபேசியில் அழையுங்கள். "என் பக்கத்தில் இருக்கிறார், பேசுங்கள்" என்று கைப்பேசியை அவரிடம் கொடுங்கள். நாள், நேரம், பார்க்க வேண்டியவரின் பெயர் மூன்றும் முடிவான பிறகே தொலைபேசியை வையுங்கள். வந்தாரா இல்லையா என்று குறித்த நாளில் பெறுபவர் உங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும். வரவில்லை என்றால் இரண்டு நாளுக்குள் நீங்கள் அவரை அழைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படி யாருடைய வேலை என்று எழுதி வைக்காத இடங்களில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

ஒப்படைப்புக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: பிஜிஎஸ்ஐ மதிப்பெண், கடைசியாக ஆடிய நாள், தற்கொலை பற்றிக் கேட்டதும் கிடைத்த பதிலும், போட்ட தடைகள், கடனின் தோராயம், வீட்டில் யார் யாருக்கு விஷயம் தெரியும். கடைசி வரி மிக முக்கியம். மனைவிக்கு இன்னும் தெரியாது என்பது தெரியாமல் ஒருவர் வீட்டு எண்ணுக்கு அழைத்துவிட்டால், அந்த மனிதர் திரும்ப வரவே மாட்டார்.

ரகசியம் காப்பது எப்படி?

"எல்லோரோடும் எல்லாவற்றையும் பகிரச் சம்மதம்" என்று மொத்தமாகக் கையெழுத்து வாங்காதீர்கள். யாருக்கு, எது, எதற்காக, எதுவரை என்று தனித்தனியாக வாங்குங்கள். வங்கிக்குத் தடை தேவை என்பது மட்டும் தெரிந்தால் போதும், நோயின் பெயர் தேவையில்லை. கடன் ஆலோசகருக்குச் சிகிச்சையில் பேசியவை தேவையில்லை, சிகிச்சைக்கு வருகிறார் என்பது போதும். முதலாளிக்கு அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் போகக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்ற நிலைகளில் சம்மதமின்றியும் சொல்ல நேரும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தினரை எப்போது அழைப்பது?

முதல் முறை ஆடியவரையும் துணைவரையும் தனித்தனியாகப் பாருங்கள். வீட்டில் அடி உதை இருக்கிறதா, துணைவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் கடன் வாங்கப்பட்டதா என்பதெல்லாம் சேர்ந்து உட்காரும்போது வெளியே வராது. துணைவருக்கென்றே ஓர் ஆலோசகர் வேண்டும். அவர் நம் தகவலாளி அல்ல, பாதிக்கப்பட்டவர். ஆடியவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் குடும்பத்துக்கான உதவி நிற்கக் கூடாது.

பணத்தை வேறொருவர் பொறுப்பில் விடும் ஏற்பாடு நல்லது. ஆனால் 3 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யும்படி எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அதுவே ஒருவரை அடக்கி வைக்கும் கருவியாகிவிடலாம்.

எந்தச் சிகிச்சை?

ஆதாரம் அதிகம் உள்ளது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. மனம் இரண்டாக நிற்பவர்களுக்கு ஊக்க நேர்காணல் முறை உதவும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் உளவியல் சிகிச்சையையே முன்னால் வைக்கிறது. அது மட்டும் பலிக்காதபோது நால்ட்ரெக்சோன் மருந்தை நிபுணர் தரலாம். ஓபியாய்டு வகை வலிநிவாரணி எடுப்பவர்களுக்கு அதைத் தரக் கூடாது. மனச்சோர்வும் மதுப் பழக்கமும் கூடவே இருப்பது சகஜம். அவற்றைத் தனி அலுவலகத்தில் தனி வரிசையில் நிற்க வைக்காதீர்கள். 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் போன்ற தோழமைக் குழுக்கள் சிகிச்சை முடிந்த பிறகும் துணை நிற்கும்.

சூதாட்ட நிறுவனங்களையும் கூட்டத்துக்கு அழைக்கலாமா?

ஒருவரின் சிகிச்சை பற்றிய கூட்டத்துக்கு ஒருபோதும் கூடாது. கொள்கை பற்றிய பேச்சில் அவர்களிடம் கேட்க வேண்டியது நிறைய உண்டு: யார் எந்த நேரத்தில் எவ்வளவு வேகமாகப் பணம் போடுகிறார் என்ற தரவு அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் நிகழ்ச்சி நிரலை அவர்கள் எழுதக் கூடாது, நம் சம்பளத்தை அவர்கள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடை தீர்மானிக்கக் கூடாது. பிரிட்டனில் பல்லாண்டுகள் இருந்த தன்னார்வ நிதி முறைக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் கட்டாய வரி கொண்டுவரப்பட்டது. "பொறுப்போடு ஆடுங்கள்" என்ற வாசகத்தை உங்கள் அலுவலகத் துண்டறிக்கையில் போடாதீர்கள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை பந்தயம் கட்ட வைக்கும் பொருளின் பழியை அது முழுக்க ஆடுகிறவர் தலையில் ஏற்றுகிறது.

கூட்டம் எப்படி நடத்துவது? யாருக்கும் நேரமில்லையே?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம், காணொளியில் போதும். ஒருவருக்கு 6 நிமிடம் என்றால் ஐந்து பேரைப் பார்க்கலாம். மூன்றே கேள்விகள்: போன முறைக்குப் பின் என்ன மாறியது, இப்போது மிகப் பெரிய ஆபத்து எது, அடுத்த வேலை யாருடையது, எந்தத் தேதிக்குள்? ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டும். "அணி பார்த்துக்கொள்ளும்" என்று குறிப்பேட்டில் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மறுபடி ஆடிவிட்டால்?

சறுக்கல் பலருக்கு வரும். அதைச் சொல்லிவிட்டு வர முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு இருப்பதுதான் முக்கியம். சிகிச்சையிலிருந்து நீக்கிவிடுவோம் என்று மிரட்டினால் மறைக்கத் தொடங்குவார். எந்தத் தடையின் எந்த ஓட்டை வழியாகப் போனது, எந்த நேரம், அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் ஓட்டையை அடையுங்கள், தற்கொலைக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், கடன் ஆலோசகருக்குச் சொல்லுங்கள். அந்த மாதத் தவணையை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கூட்டுப் பணி பலிக்கிறதா என்று எதை வைத்து அளப்பது?

ஆடாத நாட்களை மட்டும் எண்ணாதீர்கள். 3, 6, 12 மாதங்களில் பிஜிஎஸ்ஐ மதிப்பெண், மொத்தக் கடன், வாடகை பாக்கி, தூக்கம், துணைவரின் நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். கூடவே உங்கள் அணியையும் அளந்து பாருங்கள்: பத்து ஒப்படைப்புகளில் எத்தனை போய்ச் சேர்ந்தன, சேராதவர்களில் எத்தனை பேரை யாராவது திரும்ப அழைத்தார்கள்? இந்த இரண்டு எண்களையும் மாதம் ஒருமுறை எல்லாத் துறையினர் முன்னும் படியுங்கள். சேராதவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலைவதற்கு முன் அவர்களை அழைத்துவிடுங்கள்.